கல்லூரி ஜெபக்குழுவில் விசுவாசம் வளர: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்டியை இறக்கி வைத்து, பக்கெட்டும் குவளையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அம்மாவும் அப்பாவும் ஊருக்கு பஸ் ஏறியிருப்பார்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ விடுதி அறையின் கதவு தட்டப்படும். ஒரு சீனியர் அண்ணன் நிற்பார். "தம்பி, எந்த ஊரு? எந்தச் சபை? சாயங்காலம் ஆறரைக்கு மொட்டை மாடியில பிரேயர் இருக்கு, வாங்க." வீட்டை விட்டு முதல்முறையாக வந்த பிள்ளைக்கு அந்த ஒரு அழைப்பு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். அப்பா அம்மாவின் விசுவாசம் என்னுடைய விசுவாசமாக மாறியது அப்படி ஒரு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான்.

நாம் சுருக்கமாக இ.யு. (இவாஞ்சலிக்கல் யூனியன்) என்று சொல்லும் இந்தக் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியங்கள் நம் ஊருக்கு நேற்று வந்தவை அல்ல. இவற்றை நாடு முழுக்க இணைக்கும் யூ.இ.எஸ்.ஐ. (யூனியன் ஆஃப் இவாஞ்சலிக்கல் ஸ்டூடன்ட்ஸ் ஆஃப் இந்தியா) 1954-இல் தொடங்கியது. அதற்கு வெகு காலம் முன்பே, 1877-இல், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இப்படி ஒரு ஐக்கியத்தை ஏற்படுத்தியிருந்தார்கள். மாணவர்களே நடத்துகிறார்கள் என்பதுதான் இதன் அழகு. பத்தொன்பது வயதுப் பிள்ளை வேதபாடம் எடுக்கிறான், இன்னொருவன் பாட்டு நடத்துகிறான், கூச்ச சுபாவமுள்ள பெண் முதல்முறையாக வாய்திறந்து ஜெபிக்கிறாள். நடக்கிற தவறுகளுக்கும் காரணம் இதேதான். "கொஞ்சம் பொறு தம்பி" என்று சொல்ல ஒரு நரைத்த தலை பக்கத்தில் இருப்பதில்லை.

நான் அதிகமாகப் பார்த்த தவறிலிருந்து தொடங்குகிறேன்: ஜெபத்துக்காகப் படிப்பைக் கைவிடுவது. எங்கள் குழுவில் ஒரு தம்பி இருந்தான். ராத்திரி ஜெபத்துக்கு முதல் ஆளாக வருவான், சனிக்கிழமை கிராம ஊழியத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். நாங்கள் அவனை வைராக்கியமுள்ளவன் என்று மேடையில் வைத்துப் பாராட்டினோம். நான்காவது செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது அவனுக்கு ஏழு அரியர். அவன் அப்பா கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வருடத்தில் எங்களில் ஒருவர்கூட "இன்டர்னல் மார்க் எவ்வளவு?" என்று அவனைக் கேட்டதில்லை. அது அவன் தவறு மட்டுமல்ல, எங்கள் தவறு. தானியேல் என்றதும் நமக்குச் சிங்கக்கெபி ஞாபகம் வருகிறது. அதற்கு முன்னால் அவர் பாபிலோனில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் உட்கார்ந்து படித்தார், ராஜாவின் முன்னால் நின்றபோது மற்றவர்களைவிடப் பத்து மடங்கு சமர்த்தராக இருந்தார் என்று முதல் அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறது. மாடல் எக்ஸாம் வாரத்தில் ஜெபக்கூட்டத்தை இருபது நிமிடத்தில் முடித்து, எல்லாரையும் படிக்க அனுப்புகிற குழுத்தலைவர் ஆவிக்குரிய வேலையைத்தான் செய்கிறார்.

அப்புறம் உடம்பு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நல்ல பிள்ளைகள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

1735-ஆம் ஆண்டின் லெந்து நாட்கள், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பெம்ப்ரோக் கல்லூரியில் ஜார்ஜ் விட்ஃபீல்டு என்ற ஏழை மாணவர் இருந்தார். வசதியான மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்து படித்தவர். ஜான் வெஸ்லியும் சார்லஸ் வெஸ்லியும் நடத்திய சிறிய மாணவர் குழுவில் சேர்ந்திருந்தார். நேரம் பார்த்து ஜெபிப்பது, வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைச் சந்திப்பது என்று எல்லாம் ஒழுங்காக நடக்கும் குழு அது. விட்ஃபீல்டு இன்னும் ஒரு படி மேலே போனார். முரட்டு ரொட்டியும், சர்க்கரை போடாத மூலிகைத் தேநீருமே சாப்பாடு. ஒட்டுப்போட்ட அங்கி, அழுக்குச் செருப்பு. குளிரில் மரத்தடியில் போய் ஜெபித்தார். கடைசியில் மாடிப்படி ஏறக்கூட உடம்பில் பலமில்லாமல் போனது. அவருடைய ஆசிரியர் வைத்தியரை அனுப்ப வேண்டியதாயிற்று. ஏழு வாரம் படுத்த படுக்கை. தன் முயற்சி எல்லாம் தீர்ந்துபோன அந்தப் படுக்கையில்தான், இரட்சிப்பு தான் சம்பாதிக்கிற கூலி இல்லை, கிறிஸ்து தருகிற ஈவு என்று அவருக்குப் பிடிபட்டது. பின்னாளில் திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த அதே மனிதர்தான்.

நம் விடுதிகளில் இன்றைக்கும் சின்ன அளவில் இது நடக்கிறது. காலை நாலரை மணி ஜெபத்துக்கு வராதவனைக் குறைவாகப் பார்ப்பது, தியான வேளை தவறினால் அன்றைக்குப் பரீட்சை கெட்டுப்போகும் என்று பயப்படுவது, ரத்தசோகை உள்ள பெண் மூன்று நாள் உபவாசம் இருந்து குளியலறையில் மயங்கி விழுவது. தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், வாரக்கணக்காக அழுகிற பிள்ளையிடம் "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்வதுதான் இதில் மிகவும் கொடியது. சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசி எலியாவை தேவன் கண்டித்தாரா? தூங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பாடு. பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான். அப்படி ஒரு பிள்ளை உங்கள் குழுவில் இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள், மெஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டுக்குத் தெரியப்படுத்துங்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஜெபமும் செய்யுங்கள். ஒன்றைச் செய்தால் மற்றது வேண்டாம் என்று இல்லை.

கேம்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று நாள் முகாம், கடைசி இரவு அர்ப்பணிப்பு, எல்லார் கண்ணிலும் கண்ணீர். அந்தக் கண்ணீரை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கடுத்த புதன்கிழமை லேப் ரெக்கார்டு எழுதும்போது அந்த உணர்வு இல்லையே, நான் பின்மாற்றத்தில் போய்விட்டேனோ என்று கலங்குவதுதான் தவறு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வில்மோர் என்ற சின்ன ஊரில் ஆஸ்பரி பல்கலைக்கழகம் இருக்கிறது. 2023 பிப்ரவரி 8, புதன்கிழமை, அங்கே வழக்கமான காலை ஆராதனை முடிந்தும் சில மாணவர்கள் எழுந்து போகவில்லை. ஜெபமும் பாட்டும் தொடர்ந்தன. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தது. ஏறக்குறைய 6,000 பேர் வாழும் ஊருக்கு வெளியிலிருந்து பல்லாயிரம் பேர் வந்து குவிந்தார்கள். நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? பெயர் பெற்ற பிரசங்கிமாரை மேடையேற்றிக் கூட்டத்தைப் பெருக்கவில்லை. பொதுக் கூட்டங்களுக்கு ஒரு முடிவு நாளைக் குறித்தது. பிள்ளைகளுக்குப் படிப்பு இருக்கிறது. இயேசுவின் முகம் பிரகாசித்த மறுரூப மலையில், அங்கேயே இருக்க மூன்று கூடாரம் போடலாம் என்றார் சீஷர் பேதுரு. அவர்கள் இறங்கி வந்த இடத்தில் நோயுற்ற மகனோடு ஒரு தகப்பன் காத்துக்கொண்டிருந்தான்.

இனி நான் சொல்லப்போவதைப் பெண் பிள்ளைகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். "கர்த்தர் சொன்னார்" என்ற வார்த்தையை நம் குழுக்களில் மிக எளிதாகப் பயன்படுத்துகிறோம். எந்தப் பாடத்தை எடுக்க வேண்டும், யாரோடு பேசக்கூடாது, வேலைக்குப் போவதா முழுநேர ஊழியத்துக்குப் போவதா, எல்லாவற்றுக்கும் ஒரு சீனியருக்கு வெளிப்பாடு கிடைத்துவிடுகிறது. "உன்னைத்தான் கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று ஓர் அண்ணன் வந்து நின்றால், பதினெட்டு வயதுப் பெண் என்ன செய்வாள்? வேண்டாம் என்று சொன்னால் தேவனையே மறுத்ததாக ஆகிவிடுமோ என்று நடுங்குகிறாள். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன்: "எனக்கும் அவர் சொல்லட்டும் அண்ணா. அதுவரைக்கும் இதைப் பேச வேண்டாம்." அவள் சபைப் பாட்டுக்குழுவில் வளர்ந்த பெண். பெரியவர்களோடு பேசிப் பழகியவள், அதனால் தைரியம் இருந்தது. எல்லாருக்கும் அது இருக்காது.

பையன் சாமுவேலுக்குக் குரல் கேட்டபோது யார் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியவில்லை. மூன்று முறை ஆசாரியன் ஏலியிடம் ஓடினான். மூன்றாவது முறைதான் கிழவர் ஏலிக்கே புரிந்தது. தேவனுடைய சத்தத்தை அடையாளம் காணவே ஒரு வயதானவர் தேவைப்பட்டார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். யாராவது ஒரு தலைவர், "இதை வீட்டில் சொல்லாதே, போதகரிடம் சொல்லாதே" என்று சொன்னால், அன்றைக்கே வீட்டிலும் வார்டனிடமும் சொல்லிவிடுங்கள். ஜெபக்குறிப்பு என்ற பேரில் அடுத்தவர் ரகசியத்தைப் பரப்புவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தவறுதான். "ஜெபிக்கத்தான் சொல்றேன்" என்று தொடங்கினால், சம்பந்தப்பட்டவரின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி கேட்கிறவனை அடக்குவதும் வேண்டாம். உயிரியல் படிக்கிற பையன் பரிணாமம் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் யோசிக்காதே, ஜெபம் பண்ணு" என்பது பதில் ஆகாது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, சேர்ந்து படிக்கலாம். பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒத்துப் பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டுகிறது. இயேசு உயிர்த்தெழுந்ததை நம்ப மாட்டேன் என்று தோமா சொன்ன பிறகும் எட்டு நாள் கழித்து அதே வீட்டுக்குள் சீஷர்களோடு இருந்தான். யாரும் அவனை வெளியே அனுப்பவில்லை. உங்கள் அறைத்தோழன் இந்துவோ முஸ்லிமோ என்றால், அவனை எண்ணிக்கைக்கான ஒரு ஆத்துமாவாகப் பார்க்காதீர்கள். அவனுக்குக் காய்ச்சல் வந்த இரவில் கஞ்சி வாங்கி வந்து கொடுத்தீர்களா என்பது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

கடைசியாக, சபையை விட்டுவிடுவது. ஞாயிறு ஆராதனை நீளம், பாட்டு பழசு, பிரசங்கம் சுவாரசியமில்லை, இ.யு. இருக்கும்போது அது எதற்கு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஜெபக்குழுவில் எல்லாருக்கும் வயது 18-லிருந்து 22-க்குள். அங்கே குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, அடக்க ஆராதனை கிடையாது, நாற்பது வருடம் ஒரே புருஷனோடு வாழ்ந்து சலித்தும் சிரிக்கிற அம்மா கிடையாது. படிப்பு முடிந்த மறுநாள் அந்தக் குழு உங்களுக்கு இருக்காது. சென்னையில் ஒரு பி.ஜி. அறை, நைட் ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு வரை தூக்கம். நம் பிள்ளைகளில் பலர் அந்த முதல் வருடத்தில்தான் காணாமல் போகிறார்கள். வேலைக்குச் சேரும் தேதிக்கு முன்பே அந்த ஊரில் ஒரு சபையைத் தேடி வையுங்கள்.

எங்கள் கல்லூரிக்குப் பின்னால் ஒரு சின்ன சபை இருந்தது. முதல் வருடம் நான் அங்கே போனதே அம்மாவின் கட்டாயத்தால். முன் வரிசையில் உட்காரும் ஒரு பாட்டி, பரீட்சை அட்டவணையைக் கேட்டு வாங்கி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். நவம்பரில் பார்த்தபோது, "செவ்வாய்க்கிழமை தெர்மோ எப்படிப்பா எழுதின?" என்றார்கள். அந்த வார்த்தையை அவர்கள் சொன்ன விதம் வேறு மாதிரி இருந்தது. தேதி சரியாக இருந்தது. எட்டு செமஸ்டருக்கும் அந்தத் தாள்கள் அவர்களுடைய வேதாகமத்துக்குள் சேர்ந்துகொண்டே போயின. வேலை கிடைத்ததைச் சொல்லப் போன அன்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புதிய தாள் ஒன்றை எடுத்துத் திருப்பி வைத்தார்கள்.

"சரி, ஆபீஸ் எத்தனை மணிக்குப்பா ஆரம்பிக்கும்?"