டேபிள் உறவுகளை ஓஆர்எம்மில் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஓஆர்எம் என்பது டேட்டாபேஸ் டேபிள்களை கோடில் கிளாஸ்களாகக் கையாள உதவும் கருவி. ஒரு ஆர்டருக்குப் பத்து ஐட்டங்கள் என்றால், ஃபாரின் கீ (எந்த ஆர்டருக்கு உரியது என்று காட்டும் நெடுவரிசை) ஐட்டம் டேபிளில்தான் இருக்கும். உறவை எழுதும்போது இதை மறந்தால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும். பைத்தானின் ஓஆர்எம்மான எஸ்க்யூஎல்ஆல்கெமியில் இரு கிளாஸ்களிலும் ரிலேஷன்ஷிப் எழுதிவிட்டு, இரண்டையும் இணைக்கும் பேக்_பாப்புலேட்ஸை விட்டுவிட்டால், அவை ஒன்றையொன்று அறியாத இரண்டு உறவுகள். ஆர்டரில் ஐட்டத்தைச் சேர்த்த பிறகும் ஐட்டத்திடம் அதன் ஆர்டரைக் கேட்டால் நன் (None, எதுவும் இல்லை) வரலாம். 1.4 பதிப்பு முதல் இதற்கு வார்னிங் வருகிறது. அதை அடக்கிவிடாமல் இரு பக்கமும் மற்றதன் பெயரைக் குறிப்பிடுங்கள்.

அதிகம் அடி வாங்கும் இடம் டெலீட். கேஸ்கேட் (ஆர்டருக்குச் செய்வது அதன் ஐட்டங்களுக்கும் தொடர வேண்டும் என்ற அமைப்பு) எதுவும் சொல்லாமல் ஆர்டரை நீக்கினால், ஓஆர்எம் முதலில் ஐட்டங்களின் ஃபாரின் கீயை நல் (வெற்று மதிப்பு) ஆக்கும். அந்த நெடுவரிசை நாட் நல் (வெறுமையாக இருக்கக் கூடாது) என்றால் இன்டெக்ரிட்டி எரர் வரும். இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம்: ஐட்டங்கள் சத்தமில்லாமல் அநாதையாகக் கிடக்கும். டேட்டாபேஸில் ஆன் டெலீட் கேஸ்கேட் போட்டிருந்தும் இது நடக்கிறதே என்று பலர் திகைப்பார்கள். ஓஆர்எம் முந்திக்கொள்வதுதான் காரணம். ஃபாரின் கீயில் ஆன்டெலீட்டை வைத்துக்கொண்டு, ஆர்டர் பக்க ரிலேஷன்ஷிப்பில் கேஸ்கேடாக ‘ஆல், டெலீட்-ஆர்ஃபன்’, கூடவே நீக்கும் வேலையை டேட்டாபேஸிடம் விட பேசிவ்_டெலீட்ஸ் ட்ரூ என்று கொடுங்கள். ஏற்கெனவே உருவான டேபிளுக்கு, மாடலில் ஆன்டெலீட்டை மாற்றினால் மட்டும் போதாது; டேட்டாபேஸில் உள்ள டேபிளையே மாற்றும் மைக்ரேஷனும் தேவை.

கேஸ்கேடை ஐட்டம் பக்கம் எழுதிவிடாதீர்கள். அங்கே ‘ஆல்’ என்று இருந்தால் ஒரு ஐட்டத்தை நீக்கும்போது ஆர்டரே போய்விடும்.

எஸ்க்யூலைட்டில் டெஸ்ட் ஓடுகிறதா? அங்கே ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பிராக்மா ஃபாரின்_கீஸ் ஆன் செய்யாதவரை அந்த டெஸ்ட்களின் பச்சை நிறத்தை நம்ப முடியாது.

அடுத்தது லோடிங். 100 ஆர்டர்களை எடுத்து, லூப்பில் ஒவ்வொன்றின் ஐட்டங்களையும் தொட்டால் 101 கொயரி: ஆர்டர்களுக்கு ஒன்று, ஐட்டங்களுக்கு 100. எல்லா ஐட்டங்களையும் சேர்த்து எடுக்கும் செலக்ட்இன்லோட் போட்டால் இரண்டே. டேபிள்களை ஜாயின் செய்து எடுக்கும் ஜாயின்ட்லோடை இரண்டு கலெக்‌ஷன்களுக்குச் சேர்த்துப் போட்டால் வரிசைகள் பெருகும்: 10 ஐட்டம், 5 பேமென்ட் உள்ள ஆர்டருக்கு 50 வரிசை. டெவலப்மென்ட்டில் ரிலேஷன்ஷிப்பின் லேஸியை (ஐட்டங்களை எப்போது எடுப்பது என்ற அமைப்பு) ‘ரெய்ஸ்’ என்று வைத்தால், மறைந்திருக்கும் கொயரி எரராக வெளியே வரும்.

பில்லிங், டெலிவரி என ஒரே அட்ரஸ் டேபிளுக்கு இரண்டு ஃபாரின் கீ இருந்தால், எந்த உறவுக்கு எது என்று ரிலேஷன்ஷிப்பின் ஃபாரின்_கீஸ் மூலம் சொல்லியே ஆக வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் ஃபாரின் கீ நெடுவரிசைக்குத் தானாக இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அமைப்பு) போடாது. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி போடும். போஸ்ட்கிரெஸில் இன்டெக்ஸ் ட்ரூ என்று எழுதாவிட்டால், ஒவ்வொரு ஆர்டரை நீக்கும்போதும் ஐட்டம் டேபிள் முழுவதையும் அது தேட நேரும்.