கோலில் நிற்க ஆசைப்படும் டர்பன் சாட்ஸ்வொர்த் பெண்பிள்ளைகளுக்கு

கால்பந்து டீமில் பதினோரு பேர் இறங்கினாலும் கோலில் நிற்பவள் ஒருத்திதான். அந்த ஒற்றை இடத்துக்குத்தான் நீ போட்டி போடப் போகிறாய். ஸ்ட்ரைக்கர் சோர்ந்துபோனால் கடைசிப் பத்து நிமிஷம் புதுப் பெண்ணை இறக்கிப் பார்ப்பார்கள். கீப்பரை அப்படி மாற்றிப் பார்க்க எந்தக் கோச்சுக்கும் மனசு வராது. ஆகவே பந்து பிடிப்பதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் க்ளப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய பேருள்ள க்ளப்பில் மூன்றாவது கீப்பராகப் போய் உட்காராதே. வாராவாரம் உன்னைக் களத்தில் நிறுத்தும் க்ளப் எதுவோ அங்கே போ. ஜெர்ஸி அழகு பார்த்துக் க்ளப் தேடும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

2022 ஜூலையில் ரபாட்டில் மொராக்கோவை 2-1 என்று வென்று நம் தென்னாப்பிரிக்கப் பெண்கள் அணியான பன்யானா பன்யானா ஆப்பிரிக்கக் கோப்பையைத் தூக்கியபோது கோலில் நின்றவர் ஆண்டிலே டிலாமினி. தொடரின் சிறந்த கோல்கீப்பர் விருதும் அவருக்கே. மறுவருஷம் உலகக் கோப்பையில், வெலிங்டனில் இத்தாலியை 3-2 என்று சாய்த்த அன்று கோலில் நின்றவரோ கெய்லின் ஸ்வார்ட். அவர் ஆடிக்கொண்டிருந்தது சண்டவுன்ஸ் மாதிரிப் பணக்கார க்ளப்பில் அல்ல, பன்யானாவின் முன்னாள் கேப்டன் ஜனைன் வான் வைக் தொடங்கிய ஜே.வி.டபிள்யூ.வில். டிலாமினியும் சும்மா இருந்துவிடவில்லை. 2025-ல் ஆப்பிரிக்கக் கோப்பையில் செனகலோடு கோலில்லாமல் முடிந்த காலிறுதியில் பெனால்டிகளைத் தடுத்து அணியைக் கரையேற்றியவர் அவர்தான், முப்பது தாண்டிய வயதில். இந்த வேலையில் ஆயுசு நீளம். பதினெட்டில் இடம் கிடைக்கவில்லையே என்று அழ வேண்டாம்.

மேலே போகும் வழி சுருக்கமாக: நாட்டுக் கால்பந்துச் சங்கமான சாஃபாவில் பதிவு செய்த ஊர் க்ளப், பிறகு மாகாண சாசல் லீக், அதற்கு மேலே 2019-ல் தொடங்கிய தேசிய லீக். இப்போது அதற்கு ஹாலிவுட்பெட்ஸ் சூப்பர் லீக் என்று பேர். நம் டர்பன் லேடீஸ் அதில் ஆடியிருக்கிறது. வெஸ்டர்ன் கேப், ஜொஹானஸ்பர்க் பல்கலைக்கழகங்களின் அணிகளும் உண்டு. என்னைக் கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பல்கலைக்கழக வழிதான் நல்லது. லீகில் எல்லா க்ளப்பும் வீடு நடத்தும் அளவுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. பட்டம் கையில் இருந்தால் முட்டி போனாலும் சோற்றுக்குக் கவலை இல்லை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் விழக் கற்றுக்கொள். டர்பனில் ஜூன், ஜூலையில் மழை குறைவு, மைதானம் காய்ந்து கல்லாகிக் கிடக்கும். அந்தத் தரையில் முழங்கையைக் கீழே கொடுத்தோ வயிற்றில் குப்புறவோ விழுகிறவள் ஒரு சீசன் தாங்க மாட்டாள். மண்டியிட்டுத் தொடங்கு. பந்து இருக்கும் பக்கம் சாய்ந்து தொடையின் வெளிப்பக்கம், இடுப்பு, விலா, தோள் என்று பக்கவாட்டில் உருண்டு இறங்கு. இரண்டு கையும் பந்துக்கு. ஒன்று பந்தின் பின்னால், ஒன்று மேலே. பந்தைத் தரையோடு அழுத்தினால் அதுவே உன் பாரத்தில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மண்டியிட்டபடி வலி இல்லாமல் விழ வந்த பிறகு குந்தி, அதன் பிறகு நின்று. அவசரப்படாதே.

மார்புக்கு மேலே வரும் பந்துக்குக் கைகளை விரி. இரண்டு கட்டைவிரலும் இரண்டு ஆள்காட்டி விரலும் நெருங்கும்போது நடுவே காவடியில் பார்க்கும் வேலின் இலை மாதிரி ஓர் இடைவெளி தெரிய வேண்டும். அந்த இடைவெளி வழியாகப் பந்தைப் பார்த்துப் பிடி. கட்டைவிரல்கள் விலகினால் பந்து ஊடே புகுந்து முகத்துக்கு வரும்.

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. ஆணுக்கும் அதே, உனக்கும் அதே. குள்ளமாக இருக்கிறாள் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். உயரத்தை வளர்க்க முடியாது; நிற்கும் இடத்தை மாற்ற முடியும். அடிக்கிறவளை நோக்கி இரண்டு எட்டு முன்னே வந்தால் அவளுக்குத் தெரியும் கோல் சுருங்கிவிடும். அவள் காலை ஓங்கும் நொடியில் மட்டும் ஓட்டத்தை நிறுத்தி, பாதம் ஊன்றி நில். கார்னருக்கு முன்னால் காற்றைப் பார். சாயங்காலம் கடலிலிருந்து வடகிழக்குக் காற்று எழும்பினால் உயரப் பந்து நினைத்த இடத்தில் இறங்காது.

வாயைத் திற. "கீப்பர்!" என்று நீ கத்துவது உன் டிஃபெண்டருக்கு மட்டுமல்ல, ரெஃபரிக்கும் கேட்க வேண்டும். நம் பிள்ளைகளை வீட்டில் மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்றே வளர்த்துவிடுகிறோம். அதை மாற்ற எனக்குப் பந்துப் பயிற்சியைவிட அதிக நாள் பிடிக்கிறது.

ஒரு புது விதி: 2025-லிருந்து பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை ரெஃபரி கையைத் தூக்கி எண்ணிக் காட்டுவார்.

முட்டியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற நார் கிழிவது பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு அதிகம். குதித்து இறங்கும்போது இரண்டு முட்டியும் உள்ளே சாய்கிறதா என்று போனில் படம் எடுத்துப் பார். ஃபிஃபா 11 பிளஸ் என்ற வார்ம்-அப் இப்படிப்பட்ட காயங்களைத் தடுக்கப் போட்டது. இருபது நிமிஷம் ஆகும், பயிற்சி நாளெல்லாம் செய்.

கிளவுஸை வாஷிங் மெஷினில் போடாதே. வெதுவெதுப்பான தண்ணீரில் கையால் அலசி நிழலில் உலர்த்து. வெயிலில் வைத்தால் லேடெக்ஸ் வெடித்துப் போகும். ஆட்டத்துக்கு முன்னால் உள்ளங்கையை லேசாக நனைத்துக்கொள், பிடி கூடும்.

சாப்பாட்டில் நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் புரட்டாசி. லீக் சூடுபிடித்திருக்கும் நேரத்தில் ஒரு மாதம் கறி, மீன் இல்லை. பரவாயில்லை. சுகர் பீன்ஸ் கறி, பருப்பு, மாஸ் என்ற புளித்த பால், வேர்க்கடலை இருந்தால் உடம்பு குறையாது. பயிற்சி முடிந்ததும் கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பிய ஒரு பன்னி கூடச் சரிதான். ஆனால் சனிக்கிழமை மேட்ச் வைத்துக்கொண்டு வெறும் வயிற்றில் விரதம் இருக்காதே. ஆயாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மாமார் என்னிடம் கேட்பது ஒன்றே: "ஏன்க்கா, கோல் போடுற பக்கம் இவ நிக்கக் கூடாதா? இங்க நின்னா அடியும் திட்டும்தானே?" திட்டு உண்டு அம்மா, மறைக்க மாட்டேன். கோல் வாங்கிய பிறகு அடுத்த பந்துக்குத் தயாராகிற பெண்ணா உங்கள் மகள் என்று பாருங்கள். அப்படியென்றால் விட்டுவிடுங்கள்.

கடைசியாகக் காகிதம். 2023 உலகக் கோப்பைக்குக் கிளம்புமுன் பன்யானா வீராங்கனைகள் போட்சுவானாவோடு ஆட மறுத்தது மோசமான மைதானத்துக்காக மட்டுமல்ல, பணம் பற்றி ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லை என்பதற்காகவும்தான். நாட்டு அணிக்கே அந்த நிலை என்றால் உனக்கு வாய்ச்சொல் போதாது. மாதம் எவ்வளவு, அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, வேறு க்ளப்புக்குப் போக எப்போது விடுவார்கள் என்ற மூன்றையும் எழுதி வாங்கு. வயசு பதினெட்டு ஆகவில்லை என்றால் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இல்லாமல் பேனாவைத் தொடாதே. ஏஜெண்ட் என்று வருகிறவரிடம் ஃபிஃபா உரிமத்தைக் காட்டச் சொல். ட்ரயலுக்கே காசு கேட்டால் வாசலோடு திருப்பி அனுப்பு.