ஒன்சென் தமாகோ: வீட்டில் செய்யும்போது எங்கே சறுக்குகிறது?

ஒன்சென் தமாகோ, அதாவது ஜப்பானிய ‘வெந்நீர் ஊற்று முட்டை’, செய்ய உட்காருகிறவர் முதலில் ஹாஃப் பாயிலை மறந்துவிட வேண்டும். அதில் வெள்ளை வெந்திருக்கும், மஞ்சள் வழியும். ஜப்பானின் வெந்நீர் ஊற்று விடுதிகளில் காலைச் சாப்பாட்டோடு சின்னக் கிண்ணத்தில் வரும் இந்த முட்டையில் எல்லாம் தலைகீழ். வெள்ளை இளந்தயிர்போல் தளதளக்கும். மஞ்சள் உருண்டை கலையாமல், குழைவாகக் கெட்டிப்பட்டிருக்கும். "மஞ்சள் வழியவில்லையே" என்று அடுத்த முறை நேரத்தைக் குறைக்கிறவர்கள், சரியாக வந்த முட்டையைத்தான் கெடுக்கிறார்கள்.

இப்படி வருவதற்குக் காரணம் சூட்டின் அளவு. மஞ்சள் கரு 65 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கெட்டியாகத் தொடங்கிவிடும். வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். அது இறுக 80 டிகிரி அளவில் சூடு வேண்டும். வெள்ளையில் உள்ள வேறு சில புரதங்கள் 60-ஐத் தாண்டியதும் கட்டத் தொடங்குவதால்தான் அது முழுக்கத் தண்ணீராக இல்லாமல் தளதளவென்று நிற்கிறது. ஆக, முட்டையை 65-க்கும் 70-க்கும் இடையே அரை மணி நேரம் வைத்திருப்பதுதான் மொத்த வேலையும். அடுப்பைச் சிறு தீயில் எரியவிட்டுக்கொண்டே செய்தால் இந்த இடைவெளியில் நிறுத்தவே முடியாது.

ஊற்றில் வெந்த முட்டை எல்லாமே ஒன்சென் தமாகோ என்று நினைப்பதும் குழப்பத்தில் விடும். ஹியோகோ மாகாணத்து யுமுரா ஊற்றில் நீர் 98 டிகிரி. அதில் இறக்கினால் கிடைப்பது சாதாரண அவித்த முட்டைதான். ஹகோனே மலையில் ஓவாகுதானியில் விற்கும் கறுப்பு ஓட்டு முட்டையும் நன்றாக வெந்ததே. ஒன்று சாப்பிட்டால் ஆயுள் ஏழு வருஷம் கூடும் என்று சொல்லி விற்கிறார்கள், அது வேறு கதை. ராமென் என்ற ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பின் மேல் வைக்கும் முட்டையோ ஆறேழு நிமிடம் கொதிநீரில் வெந்து, பிறகு சோயா கலவையில் ஊறியது.

சரி, தெர்மாமீட்டர் இல்லாத வீட்டுக்குப் பரவலாகச் சொல்லப்படும் முறை ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, 200 மில்லி குழாய்த் தண்ணீர் ஊற்றி, நான்கு முட்டைகளை இறக்கி, மூடி, 17 நிமிடம். நம் ஊரில் அதிகம் பேர் சறுக்குவது இதை அப்படியே எடுத்துச் செய்யும்போதுதான். அந்தக் குறிப்பு குளிர்ந்த குழாய்த் தண்ணீரையும் ஃப்ரிட்ஜில் இருந்த முட்டையையும் நம்பி எழுதப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 15 டிகிரி குழாய்த் தண்ணீர், 5 டிகிரியில் 60 கிராம் முட்டைகள் நான்கு என்றால், சூட்டைப் பகிர்ந்துகொண்ட பிறகு எல்லாம் 75 டிகிரியை ஒட்டி நிற்கும், மெல்ல ஆறி 70 பக்கம் வரும். சென்னையில் மே மாதம் குழாய்த் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல். கடையில் வெளியே அடுக்கி வைத்திருந்த முட்டையும் அதே சூட்டில் இருக்கும், எடையும் 50 கிராம்தான் இருக்கும். இப்போது கணக்கு 81-க்குப் போய்விடும். வெள்ளை இறுகிவிடும்.

தீர்வு சுலபம். முட்டையை முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வையுங்கள், அந்த 200 மில்லியையும் ஃப்ரிட்ஜ் தண்ணீராக ஊற்றுங்கள். திரும்பவும் 75-க்கு வந்துவிடும். ஒரே ஒரு முட்டைக்கு ஒரு லிட்டர் வைப்பதும் இதே தவறின் இன்னொரு முகம்: குளிர்விக்க ஆள் போதாது. முட்டை குறைந்தால் தண்ணீரையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். ஆனால் கொஞ்சம் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடும் என்பதால், நான்குக்குக் கீழே இறங்காமல் இருப்பது என் கட்சி.

பாத்திரம் மெல்லிய அலுமினியமாக இருந்தால், ஃபேன் காற்றில் பத்து நிமிடத்தில் சூடு இறங்கி மஞ்சள் வேகாமல் நிற்கும். கனமான மூடி போட்ட பாத்திரம் வேண்டும். அதைவிட நல்லது இட்லி வைக்கும் ஹாட் பாக்ஸ். சமையல் தெர்மாமீட்டர் ஒன்றும் இருந்தால் கணக்கே தேவையில்லை: முட்டை இறங்கிய பிறகு நீர் 68 முதல் 70 டிகிரியில் இருக்கட்டும், மூடி அரை மணி நேரம் விடுங்கள்.

நேரம் முடிந்ததும் எடுத்துக் குளிர்ந்த நீரில் போடாவிட்டால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். அப்புறம், ஓட்டை உரிக்காதீர்கள். பச்சை முட்டையை உடைப்பதுபோல் தட்டிக் கிண்ணத்தில் விட வேண்டும். ஓட்டில் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

முட்டை விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. ஜப்பானில் முட்டையைப் பச்சையாகவே சாப்பிடுவார்கள் என்பதால் அதைக் கழுவி, கிருமி நீக்கி, பச்சையாகச் சாப்பிடுவதற்கான கடைசித் தேதியோடு விற்கிறார்கள். நம் கடை முட்டைக்குப் பெரும்பாலும் அந்த ஏற்பாடு கிடையாது. சால்மோனெல்லா சாக வேண்டுமானால் நடு மஞ்சள்வரை சூடு போய் நிற்க வேண்டும்; 17 நிமிட முறை அதற்கு உத்தரவாதம் தராது. தண்ணீரில் போட்டால் படுத்துக்கொள்ளும் புது முட்டையாகப் பார்த்து எடுங்கள். அழுக்கு ஓட்டைச் சமைக்கும் முன் கழுவுங்கள். கீறல் விட்டது வேண்டாம். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். மற்றவர்களும் செய்த கையோடு சாப்பிட்டுவிடுவது நல்லது.

மேலே ஊற்றும் சாறில் ஒரு கடைசிச் சறுக்கல். ஃப்ரைடு ரைஸுக்கு வாங்கிய டார்க் சோயா சாஸை ஊற்றினால் உப்பும் கறுப்பும்தான் மிஞ்சும். மூன்று பங்கு தாஷி (காய்ந்த மீன் சீவலிலோ கடற்பாசியிலோ எடுக்கும் ஜப்பானியச் சாறு), ஒரு பங்கு ஜப்பானிய சோயா சாஸ், ஒரு பங்கு மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது) சேர்த்து ஒரு கொதி விட்டு ஆறவைத்தால் போதும். தாஷிக்கு மீன் சீவல் பிடிக்காதவர்கள் ‘கொம்பு’ என்ற கடற்பாசியையோ காய்ந்த ஷிடாகே காளானையோ தண்ணீரில் ஊறவைத்து அந்த நீரை எடுத்துக்கொள்ளலாம். முட்டை பாதி மூழ்கும் அளவுக்கு ஊற்றினால் சரியாக இருக்கும்.