பெரியாஸ்பத்திரிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

எங்கள் பேரையூர்ப் பக்கம் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும், மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு, துணைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே பழகித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஓ.பி., அதாவது வெளிநோயாளிகளைப் பார்ப்பது, காலையில்தான். எட்டு மணிக்குள் வரிசையில் நிற்கிற மாதிரி பஸ்ஸைப் பிடியுங்கள். மாட்டுத்தாவணியோ ஆரப்பாளையமோ, எங்கே இறங்கினாலும் ஆஸ்பத்திரி இருக்கிற கோரிப்பாளையத்துக்கு டவுன் பஸ் உண்டு. அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் மட்டும், அவசரம் இல்லையென்றால் போகாதீர்கள். அவர் இறங்குகிற ஆழ்வார்புரம் பக்கத்திலேயே இருப்பதால் சுற்றுவட்டாரம் முழுக்க ஜனமாக இருக்கும். புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில், நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி தோப்பூரில். சீட்டில் எந்த இடம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பழைய சீட்டு, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே மஞ்சப்பையில் தேதி வாரியாக இருக்கட்டும். மாத்திரையை அட்டையோடு கொண்டு போங்கள். “வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு” என்றால் எந்த டாக்டருக்கும் புரியாது.

இது 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. முதலில் பயிற்சி டாக்டர் கேட்பார், பிறகு மேல்படிப்பு படிக்கிறவர், ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், நடுவே மாணவர்களும். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். நம் ஆட்களுக்கு இங்கேதான் சலிப்பு தட்டும். தயவுசெய்து சலிக்காதீர்கள், கேட்கிற ஒவ்வொருவரிடமும் முழுசாகச் சொல்லுங்கள். கால் வீங்கி அட்மிட் ஆன என் சின்னம்மா பெரிய டாக்டர் முன்னால் வாயே திறக்கவில்லை. பேத்தி வயசில் ஒரு மாணவி கட்டிலோரம் நின்று, “வேற என்னம்மா சாப்டீங்க?” என்று நிதானமாகக் கேட்டபோதுதான், மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் மெடிக்கலில் வாங்கிப் போட்ட வலி மாத்திரை விஷயம் வெளியே வந்தது. அதற்கப்புறம்தான் கிட்னிக்கு டெஸ்ட் எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்க நேரம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். வலி மாத்திரை, லேகியம், நாட்டு மருந்து எதையும் மறைக்க வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த யூனிட், அதாவது எந்த டாக்டர் குழு, பார்த்தது என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி ஓ.பி. நாள் உண்டு. மறுபடி வரும்போது அந்த நாளிலேயே வந்தால், உங்களை ஏற்கெனவே பார்த்தவர்களே பார்ப்பார்கள்.

முதல்வர் மருத்துவக் காப்பீட்டு அட்டையை நோய் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்குக் கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மதுரைக்கே ஓடவும் வேண்டாம். தேனியிலும் சிவகங்கையிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரத்திலும் திறந்துவிட்டார்கள். முக்கியமாகப் பாம்புக்கடி. கயிறு கட்டாமல், கீறாமல், 108ஐக் கூப்பிட்டுப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே விஷமுறிவு ஊசியைப் போடச் சொல்லுங்கள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினால், எத்தனை மணிக்கு எவ்வளவு மருந்து ஏற்றினார்கள் என்று எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறுங்கள்.