முன்விளக்கு மங்கினால் முதலில் பற்றரியை மாற்றாதீர்கள்

மழை பெய்யும் மாலையில் கொழும்பு காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஏசி, வைப்பர், ரேடியேட்டர் விசிறி எல்லாம் ஓடும். பிரேக் விளக்குகளும் விடாமல் எரியும். சமிக்ஞையில் நின்றவுடன் முன்விளக்கு மஞ்சளாகச் சோர்ந்துவிடும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் மறுபடி வெளிச்சம் வரும். இதைக் கண்டதும் பலரும் ஓடுவது பற்றரிக் கடைக்கு. வழக்கத்தைவிடப் பெரிய பற்றரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அதிகப் பணம் வீணாகும் தவறு இதுதான்.

இயந்திரம் ஓடும்போது விளக்குக்கு மின்சாரம் தருவது, பெல்ட்டால் சுழலும் மின்னாக்கியான அல்டர்னேட்டர். நன்றாக ஏறிய பற்றரி சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். அல்டர்னேட்டர் தருவது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை. பெரிய பற்றரியும் அதே 12 வோல்ட் பற்றரிதான். இயந்திரம் நின்ற நிலையில் அது கூடுதல் நேரம் தாங்கும், அவ்வளவே. அல்டர்னேட்டர் சோர்ந்திருந்தால் புதுப் பற்றரி பழுதைச் சில காலம் மறைத்துவைக்கும்; பிறகு அதுவும் சார்ஜ் இறங்கிப்போகும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீற்றர். எல்லாச் சுமையையும் போட்டுவிட்டு, இயந்திரம் மெதுவாக ஓடும்போதே பற்றரியின் இரு முனைகளில் அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே நன்றாக இறங்கி, இயந்திர வேகத்தைக் கூட்டியதும் ஏறினால் பெல்ட்டையும் அல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும். பெல்ட் தளர்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். விளக்கு மங்குவதோடு படபடவென்று துடித்தால் அல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு ஒன்றும் போயிருக்கக்கூடும். பற்றரியில் 14 வோல்ட் இருந்தும் விளக்கு எப்போதும் மங்கலாகவே எரிந்தால், பெரும்பாலும் குற்றவாளி வயரிங்.

வயரிங்கைச் சோதிக்கும்போதும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பல்பைக் கழற்றிவிட்டு அதன் சொக்கெட்டில் அளக்கிறார்கள். மின்னோட்டமே இல்லாத இடத்தில் அரித்துப்போன வயரும் முழு வோல்ட்டைக் காட்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர் முனையிலும் மற்றதைப் பல்புக்கு மின்சாரம் வரும் முனையிலும் வையுங்கள். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் பழுது இருக்கிறது. அதேபோல் பற்றரியின் எதிர் முனைக்கும் பல்பின் எர்த் முனைக்கும் (மின்சாரம் உடற்சட்டம் வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் பக்கம்) இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது.

அரை வோல்ட் என்ன பெரிய இழப்பு என்று நினைத்துவிடக்கூடாது. இழை பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். இரண்டு 55 வாட் பல்புகளுக்குச் சுமார் 9 அம்பியர் வேண்டும். பழைய கார்களில் அந்த மின்னோட்டம் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகச் சுற்றிவருகிறது. அதற்கு 1 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் 4 மீற்றர் போனாலே 0.6 வோல்ட் தொலைந்துவிடும், 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு 0.25 வோல்ட்தான். ரிலே போடுவது இதற்காகவே: சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும், விளக்குக்கான மின்சாரம் பற்றரியிலிருந்து குறுகிய வழியில் நேராக வரும்.

நேர் பக்கம் புது வயர் இழுத்துவிட்டு எர்த்தை மறந்துவிடுவது கொழும்பில் இன்னும் கவலைக்குரியது. கடற்கரையோரம் நிறுத்திவைக்கும் கார்களில் உப்புக் காற்று போல்ட்டுக்கு அடியில் புகுந்து அரிக்கிறது. பற்றரியிலிருந்து உடற்சட்டத்துக்கும், உடற்சட்டத்திலிருந்து இயந்திரத்துக்கும் போகும் எர்த் கேபிள்களைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து இறுக்குங்கள். செலவில்லாத இந்த வேலைக்குப் பிறகே மற்றதை யோசிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

ரிலே பொருத்தும்போது பியூஸை விட்டுவிடுவது ஆபத்து. பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். தூரத்தில் போட்டால், இடையில் வயர் உரசி உடற்சட்டத்தில் பட்டதும் தீப்பிடிக்கலாம். பியூஸ் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனிப் பியூஸ் வைத்தால் ஒன்று போனாலும் நடுவீதியில் இருளில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். இன்னொன்று: பல ஜப்பானியக் கார்களில் முன்விளக்கின் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கிறது. நேர் பக்கச் சுவிட்சுக்கான ரிலே தொகுதி அதில் சரியாக வேலை செய்யாது. வாங்குமுன் உங்கள் கார் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வயர் வாங்கும்போது ஒரு துண்டின் முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிப்புள்ள செம்பைவிட மின்தடை மிக அதிகம், ஈரத்தில் விரைவில் அரிக்கும். முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய இணைப்பும் வேண்டாம். பொனட்டுக்குள் இருக்கும் சூட்டில் டேப்பின் பசை உருகிக் கழன்றுவிடும்.

100 வாட் பல்பு போட்டு மங்கலைத் தீர்ப்பது பழைய வயருக்கு இன்னும் பாரம் ஏற்றுவதாகும். சொக்கெட் உருகும், பிரதிபலிப்பான் கருகும், எதிரே வருபவரின் கண் கூசும். பாட்டு அதிரும்போது விளக்கும் சேர்ந்து துடிக்கிறது என்று கெப்பாசிற்றர் வாங்குவதும் பலன் தராது. ஆம்பிளிஃபயருக்குப் போதுமான அல்டர்னேட்டர் இருக்கிறதா என்பதே கேள்வி.

பற்றரி உண்மையிலேயே பழுதாகி மாற்றுவதானால் அளவை மட்டும் பார்க்காதீர்கள். 46பி24எல் போன்ற குறியீட்டின் கடைசி எழுத்து நேர் முனை எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. முனையின் தடிப்பிலும் இரு வகை உண்டு. மெல்லிய முனையில் பெரிய கிளாம்பைத் தகரத் துண்டு செருகி இறுக்கினால், மங்கலைத் தீர்க்க வந்த இடத்திலேயே புதிய மங்கல் தொடங்கும்.

புதிய கார்கள் சிலவற்றில் எதிர் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கும். கூடுதல் கருவிகளின் எர்த்தை நேராக அந்த முனையில் கட்டினால் கணக்குப் பிழைத்து, பற்றரி சரியாகச் சார்ஜ் ஆகாது. உடற்சட்டத்தில் கட்ட வேண்டும். பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட்களில் அல்டர்னேட்டரே கிடையாது, உயர்வோல்ட் பற்றரியிலிருந்து வோல்ட்டைக் குறைக்கும் கருவி ஒன்றின் வழியாக 12 வோல்ட் மின்சாரம் வருகிறது. அவற்றில் பலவற்றின் 12 வோல்ட் பற்றரி காருக்குள்ளேயே இருக்கும்; அப்படியானால், வாயு வெளியேறும் குழாயுடன் கூடிய ஏஜிஎம் வகையைத்தான் (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் மூடிய பற்றரி) போட வேண்டும். உயர்வோல்ட் செல்லும் செம்மஞ்சள் நிறக் கேபிளில் கை வைக்கவே கூடாது. அது ஹைபிரிட் பயிற்சி பெற்றவரின் வேலை.