பாலோ பிளாங்கோ இலையின் சேர்மங்களைச் சிதைக்காமல் பிரித்தெடுப்பது எப்படி?

பாலோ பிளாங்கோ, அதாவது பிக்கோனியா எக்செல்சா, மதீராவிலும் கேனரி தீவுகளிலும் மட்டும் இயற்கையாக வளரும் ஆலிவ் குடும்பத்து மரம். அது நிற்கும் லாரல் காடுகளில் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்டவை, அதனால் அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடப் பறிக்காதீர்கள். தாவரவியல் பூங்காவில் வளர்க்கும் மரத்திலிருந்து கேட்டு வாங்குவது நல்லது, கூடவே அதே மரத்தின் சிறு கிளையை அழுத்தி உலர்த்தி ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) கொடுத்துப் பதிவெண் வாங்கிவிடுங்கள்.

சரி, இலை கைக்கு வந்தாயிற்று. இனி முதல் சில நிமிடங்கள்தான் முக்கியம். இந்தக் குடும்பத்தின் அடையாளமான செகோஇரிடாய்டுகள் என்ற கசப்புச் சேர்மங்கள் இலைக்குள் பெரும்பாலும் சர்க்கரை ஒட்டிய குளுக்கோசைடுகளாக இருக்கின்றன, அந்தச் சர்க்கரையை வெட்டிவிடும் பீட்டா-குளுக்கோசிடேஸ் நொதியும் அதே இலையில்தான் வேறோர் அறையில் அடைபட்டிருக்கிறது. பச்சையாக அரைத்தால் இரண்டும் கலந்துவிடும், அப்புறம் கருவியில் தெரிவது மரத்தில் இருந்தது அல்ல, உடைந்த துண்டுகள். ஆகவே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உருகவிடாமல் உறைநிலையிலேயே உலர்த்தி, அதற்குப் பிறகு பொடியாக்குங்கள்.

பொடியை 80% மெத்தனாலில், அறை வெப்பத்தில், வெளிச்சம் படாமல் ஊறவைத்து வடிகட்டினால் போதும். மெத்தனால் நச்சு, தீப்பற்றும். புகை உறிஞ்சும் கூண்டுக்குள்ளேயே வேலை செய்யுங்கள். நீண்ட நேரம் சூடாக்கவும் வேண்டாம், ஏனென்றால் ஆல்டிஹைடு உள்ள செகோஇரிடாய்டுகள் மெத்தனாலோடு சேர்ந்து அசிட்டால்களாக மாறும். அம்மோனியாவைக் கிட்டவே கொண்டுவராதீர்கள்! ஆல்கலாய்டு, அதாவது நைட்ரஜன் கொண்ட தாவரச் சேர்மம், தேடுகிறேன் என்று அதை ஊற்றினால், செகோஇரிடாய்டுகளே நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஆல்கலாய்டாக மாறி உங்களை ஏமாற்றிவிடும்.

வடித்ததை ஹெக்சேனால் கழுவினால் பச்சையமும் கொழுப்பும் பெருமளவு போய்விடும். மீதியை, சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் திரவ நிறப்பிரிகைக் கருவியின் சி18 தூணில், ஃபார்மிக் அமிலம் கலந்த நீரும் அசிட்டோநைட்ரைலும் கொண்டு ஓட்டுங்கள். வெளிவருவதைப் புற ஊதா ஒளியில் பாருங்கள்: செகோஇரிடாய்டுகளுக்கு 240 நானோமீட்டர் அலைநீளம், வெர்பாஸ்கோசைடு என்ற ஃபீனால் சேர்மத்துக்கு 330. ஓலியானோலிக் அமிலம் போன்ற டிரைடெர்பீன்கள் 210 அருகில் மட்டுமே மங்கலாகத் தெரியும், அவை வேண்டுமென்றால் தனியே கொஞ்சம் பொடியை எத்தில் அசிடேட்டில் ஊறவையுங்கள்.

மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைமாலைமானியில் எதிர்மின் முறையில் 539 என்ற நிறை வந்தால், ஓலியூரோபீன் என்ற செகோஇரிடாய்டு என்று எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள், ஓலியூரோசைடுக்கும் அதே 539தான். 623 என்றால் வெர்பாஸ்கோசைடாகவும் இருக்கலாம், ஐசோவெர்பாஸ்கோசைடாகவும் இருக்கலாம். தரமாதிரியை (இன்னதென்று உறுதியான தூய சேர்மத்தை) அதே தூணில் ஓட்டி, வெளிவரும் நேரத்தை ஒப்பிடுங்கள். ஒத்துவராத உச்சியைத் தனியே பிரித்து, மூலக்கூறின் கட்டமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) எடுத்த பிறகே பெயர் கொடுங்கள்.