டிஸ்க்கில் எண்ணெய் விடாதீர்கள்: மலைச் சைக்கிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு விடிகாலையில் மதுரை நாகமலை அடிவாரத்திலும் கீழக்குயில்குடிப் பக்கமும் புது மலைச் சைக்கிள்கள் நிறையத் தென்படுகின்றன. பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருபவர்களும் விடாமல் செய்கிறார்கள். ஹெல்மெட் போடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். யாரும் எடுத்துச் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

சத்தம் வருகிறதென்று டிஸ்க்கில் எண்ணெய் விடுவது

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு. அதில் எண்ணெய் விடுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

எங்களோடு திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்கு ஒரு தம்பி வந்தான். முந்தின நாள் சைக்கிளை வாட்டர் வாஷுக்கு விட்டிருக்கிறான். கழுவி முடித்ததும், மோட்டார் பைக்குக்கு அடிப்பதுபோலவே பளபளப்புக்காக டீசல் அடித்திருக்கிறார்கள். "டிஸ்க் கத்துதுன்னு சொன்னேண்ணே, அதுக்கும் ரெண்டு சொட்டு விட்டாங்க. சத்தமே நின்னுபோச்சு" என்று அவன் சொன்னதே விழுந்த பிறகுதான்.

மதுரை ரோட்டில் அது தெரியவில்லை. சமதளத்தில், அந்த வேகத்தில், பாதி பிரேக் இருந்தாலே வண்டி நின்றுவிடும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும்போது பிரேக்கைக் கேட்பதில்லை. இறங்கும்போதுதான் கேட்டன. லீவரைப் பிடித்தால் இறுக்கமாகத்தான் இருந்தது, வண்டிதான் நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கமாகத் திருப்பி விழுந்தான். காறை எலும்பு முறிந்ததோடு தப்பினான்.

டிஸ்க் பிரேக்கில் வண்டியை நிறுத்துவது பேடுக்கும் (டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கட்டை) டிஸ்க்குக்கும் இடையிலான உராய்வு மட்டும்தான். செயினுக்கு உராய்வு ஆகாது, அதனால் எண்ணெய் விடுகிறோம். அதே எண்ணெயை டிஸ்க்கில் விட்டால் பிரேக்கையே கழற்றி வைத்ததற்குச் சமம். பேட் நுண்துளைகள் கொண்ட பொருள். எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மேலாகத் துடைத்தால் சரியானதுபோல் தோன்றும். நீண்ட இறக்கத்தில் சூடேறியதும் உள்ளே இருந்தது மறுபடி மேலே வரும். உப்புத்தாளில் தேய்ப்பது, அடுப்பில் சுடுவது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

பேட் எண்ணெய் குடித்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடையுங்கள். புது பேட் போட்ட கையோடு மலைக்குப் போகக் கூடாது. அதைப் பழக்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டில் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அழுத்தி, நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்னுக்கு ஒரு இருபது முறை, பின்னுக்குத் தனியாக ஒரு இருபது முறை.

சரி, சத்தம் ஏன் வருகிறது? பனியிலோ தண்ணீரிலோ நனைந்த டிஸ்க் கத்தும். நாலு தடவை பிரேக் பிடித்தால் அடங்கிவிடும். சக்கரம் சுற்றும்போதெல்லாம் 'சர் சர்' என்று உரசினால் காலிப்பர், அதாவது பேட்களைத் தாங்கும் பகுதி, நகர்ந்திருக்கலாம். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்காக இருந்தால் அதன் இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி முடுக்குங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஸ்பிரே அடிக்காமல் சொட்டுச் சொட்டாக விடுங்கள், டிஸ்க்கைத் துணியால் மூடிக்கொண்டு. கழுவக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். "அண்ணே, எதுவும் அடிக்காதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முள்ளை அலட்சியம் செய்வது

நம் பக்கத்துக் கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக் கருவேலம். அதன் முள் மலைச் சைக்கிள் டயரையும் துளைக்கும். டயரில் ஏறிய முள் முனை ஒடிந்து உள்ளேயே நிற்கும். அதைத் தேடி எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றினால் பத்தே நிமிடத்தில் மறுபடி பஞ்சர். டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். டியூப்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றிய சீலன்ட் திரவம் நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். இறக்கத்தில் முன் டயர் காற்று இறங்கினால் வண்டி நம் பேச்சைக் கேட்காது.

வளைவுக்குள் பிரேக் பிடிப்பது

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். சரளையில் திரும்பிக்கொண்டே முன் பிரேக்கை இறுக்கினால் முன் சக்கரம் வழுக்கும்.

இரவல் சைக்கிளில் அப்படியே இறங்குவது

நம் நாட்டில் பெரும்பாலும் முன் பிரேக் வலது கையில். வெளிநாட்டிலிருந்து வந்த சைக்கிள்களில் இடது கையில் இருக்கலாம். ஏறும் முன் உருட்டிப் பாருங்கள்.

சீட்டைத் தாழ்த்தாமல் மலை இறங்குவது

தாழ்த்துங்கள்.

விழுந்த ஹெல்மெட்டை மறுபடி போடுவது

உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பகுதி நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது. ஒருமுறை நசுங்கியது மீளாது. வெளி ஓட்டில் கீறலே இல்லையென்றாலும் பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றுங்கள்.

சொல்லாமல் கிளம்புவது

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். அழகர்மலையிலும் சிறுமலையிலும் காட்டுமாடு உண்டு. அனுமதியுள்ள பாதையில் போனாலும் எந்த வழியாக ஏறி எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மலை மறைவில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. 108-ஐக் கூப்பிட நேர்ந்தால் 'மலைக்குப் பின்னாடி' என்று சொன்னால் வண்டி வந்து சேராது. பக்கத்து ஊர், கோயில், கண்மாய் ஆகியவற்றின் பெயர்களைப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.